ஈரப்பதம்

சனிக்கிழமை கொள்முதல் நிலையத்துக்கு லீவு சொல்லிவிட்டு
பாபநாசத்தில் பஸ் ஏறுகிறோம், நானும் கவின்மொழியும்.
மொழி என்று பெயர் வைத்தபோது எங்களுக்கு எதுவும் தெரியாது.
ஏழு வயது. ஒரு சொல் வரவில்லை.
ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே வருவாள்.
முன்சீட்டுக்காரர் அவளைப் பார்ப்பார்,
பிறகு என்னைப் பார்ப்பார்.

குடமுருட்டிப் பாலம் தாண்டி இறங்கினால்
வாழைக்கொல்லையை அழித்துச் சமன் செய்த திடல்.
ஆற்று மணல், மூங்கில் வேலி, தகரக் கொட்டகை.
அங்கே ரோஜா நிற்கும்.
பதினாறு வருஷம் கும்பகோணத்து மாப்பிள்ளைகளைச் சுமந்த குதிரை.
இடக்கண்ணில் பால் படர்ந்திருக்கும்.
"வாணத்துப் பொறி விழுந்துச்சும்மா" என்பார் சிராஜுதீன்.
"மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல."

பெனடிக்டா டீச்சரிடம் ஒரு படிவம் இருக்கிறது.
கண் பார்த்தல்: ஒன்று.
பெயர் சொன்னால் திரும்புதல்: பூஜ்யம்.
எனக்குக் கோபமில்லை. நானும் அந்த வேலைதான் பார்க்கிறேன்.
சாக்கில் குத்தி எடுத்த நெல்லை மீட்டரில் போட்டு
பதினேழுக்கு மேல் ஒரு புள்ளி ஏறினாலும்
காயவைத்துக் கொண்டுவாங்க என்று
முகம் பார்க்காமல் சொல்கிறவள்.

முதல் மூன்று வாரம் ஏறவில்லை.
வேலியோரம் உட்கார்ந்து சாணத்தில் ஈ எண்ணினாள்.
எண்ணினாளா, தெரியாது. எனக்கு அப்படித் தோன்றியது.
நாலாம் வாரம் ரோஜாவின் வயிற்றில் காது வைத்தாள்,
மடை திறந்த வாய்க்காலைக் கேட்பதுபோல,
அரைமணி நேரம்.

தலையைத் தொட்டால் அலறுகிறவள்.
தலைக்கு ஊற்றும் நாளில் எங்கள் வீட்டில் யுத்தம்;
அவள் அப்பா முன்கையில் பல் தழும்பு.
ரோஜாவும் காதருகே கை கொண்டுபோக விடாது.
குஞ்சம் இறுக்கிக் கட்டிய இடம்.

ஏறிய பிறகு ஒரு முனகல் வந்தது.
தூரத்து மோட்டார் கொட்டகை மாதிரி ஒரே சுருதி.
நான் பத்துத் தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.
அவள் முகம் திரும்பாது.
முனகலுக்கு, ரோஜாவின் ஒரு காது மட்டும்
மெல்லப் பின்னால் திரும்பும்.

தை மாதம், மூன்றாம் சனி.
ரோட்டில் யார் வீட்டுக் கல்யாணமோ:
செண்டை, டிரம் செட், பத்தாயிரம் வாலா.
ரோஜா ஆடத் தொடங்கியது.
முன்கால் தூக்கி, மாற்றி, கழுத்தை வில்லாய் வளைத்து.
வேலிக்கு வெளியே கை தட்டினார்கள்.
போனை உயர்த்தினார்கள்.
சிராஜுதீன் பாய்ந்து கடிவாளத்தைப் பிடித்தார்.
"ஆட்டமில்லைம்மா, பயம்.
முட்டியில பிரம்பால தட்டித் தட்டி
நான்தான் பழக்குனேன்."

நான் ஓடினேன். மணல் காலை இழுத்தது.
காதைப் பொத்துவாள், விழுவாள்.
பொத்தவில்லை.
கைகள் இரண்டும் வேறு வேலையில் இருந்தன.
குப்புறச் சாய்ந்து, கழுத்தில் உள்ளங்கைகளை ஊன்றி
அழுத்தினாள். விட்டாள்.
கொஞ்சம் கீழே அழுத்தினாள். விட்டாள்.

என் கை அது.
சுவரில் அவள் தலை மோதும் இரவுகளில்
தோளில் தொடங்கி முழங்கை வரை நான் அழுத்தும் கணக்கு.
மூன்று எண்ணி, விட்டு, கீழிறங்கி.
இரண்டு வருஷமாக,
உள்ளே போய்ச் சேர்கிறதா என்றே தெரியாமல்.

வெடி ஓய்ந்தது. ரோஜா
மூன்று காலை ஊன்றியது.
நாலாவது கொஞ்ச நேரம் அந்தரத்தில் யோசித்தது.

அன்றிரவு தலைக்கு ஊற்றவில்லை.
குதிரை வேர்வை வாடையோடு தூங்கினாள்.

திங்கட்கிழமை முதல் டிராக்டர், உமையாள்புரத்து நெல்.
மீட்டரில் பதினேழு புள்ளி நான்கு.
அவர் என் வாயைப் பார்த்தபடி நிற்கிறார்.
நான் சாக்கின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து
மூன்று எண்ணினேன்.